உரும்பிராய் பிக்கப்பும் ஒரு மண்ணெண்ணெய் வால்வும்

மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் கார் வகையைச் சேர்ந்த எங்கள் வீட்டுப் பிக்கப்பைப் பார்க்க வருகிறவர்களில் பழைய வண்டிகளின் சங்கதி தெரிந்தவர்கள், எஞ்சின் மூடியைத் திறந்தவுடன் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிய நீங்கள், அந்தப் பித்தளை வால்வையும் அதிலிருந்து இறங்கும் செம்புக் குழாயையும் ஏன் கழற்றாமல் விட்டீர்கள் என்பதே அந்தக் கேள்வி. அது தொழிற்சாலையில் பூட்டியதல்ல என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்தின்மீது அரசு விதித்திருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் அதைப் பூட்டியவர் என் அப்பா. அந்தக் கேள்விக்கு நின்றபடி விடை சொல்வது கடினமாக இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் பிக்கப்பை அப்பப்பா 1959ஆம் ஆண்டு புதிதாக வாங்கினார். உரும்பிராயின் செம்மண் தோட்டங்களிலிருந்து சின்ன வெங்காயத்தையும் புகையிலைச் சிப்பங்களையும் சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு ஏற்றிச் செல்வதே அதன் முதல் வேலை. இலக்கத் தகட்டில் எண்களுக்கு நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துக்கு எதிரான போராட்டத்தில் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசப்பட்டு ஓராண்டுகூட நன்றாகக் கடந்திராத நேரத்தில், அதே எழுத்துடன் ஒரு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது அப்பப்பாவுக்கு மனம் ஒப்பிய காரியமல்ல என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தத் தகடு இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விரும்பியதை மட்டும் வைத்துக்கொள்வதற்குப் பெயர் பாதுகாத்தல் அல்ல என்பது என் எண்ணம்.

மொறிஸ் மைனரை அறியாத யாழ்ப்பாணத்தார் இல்லை என்றாலும், அதன் பிக்கப்பைக் காரிலிருந்து வேறுபடுத்தும் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார், உடலே சட்டகமாக அமைந்தது; அதற்கெனத் தனியான சட்டகம், அதாவது சேசி, கிடையாது. 1953இல் வந்த வானுக்கும் பிக்கப்புக்கும் பாரம் சுமக்கவேண்டும் என்பதற்காகத் தனிச் சட்டகம் வைத்தார்கள். காரின் அடித்தளம் உக்கிப்போனால் வண்டியே போய்விட்டது என்று கைகழுவ நேரும். பிக்கப்பில் சட்டகம் தப்பியிருந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாக மீட்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கொட்டிலில் நின்ற எங்கள் வண்டியை 2018இல் வெளியே தள்ளியபோது, முதலில் சுத்தியலின் பின்புறத்தால் சட்டகத்தைத்தான் அடி அடியாகத் தட்டிப் பார்த்தோம். பின்பக்க வில்லுத் தகடுகளின் முன்முனை பிடிபடும் இரண்டு இடங்களிலும் சத்தம் மந்தமாக இருந்தது. மீதி எல்லாம் மணி போலக் கேட்டது. அன்றைக்கே திருத்துவது என்று முடிவெடுத்துவிட்டோம்.

கொட்டிலுக்குள் அது போன கதை சுருக்கமானது. 1990இல் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றது. கள்ளமாக வந்து சேரும் பெற்றோல் சின்னப் போத்தல்களில், மருந்து விற்பதைப் போல விற்கப்பட்டது. எனவே வண்டிகள் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், தொடங்குவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். சேலைன் போத்தல் ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன் மெல்லிய குழாய் வழியாக வால்வின் ஒரு பக்கத்துக்குப் பெற்றோலும், தாங்கியிலிருந்து வரும் குழாய் வழியாக மறுபக்கத்துக்கு மண்ணெண்ணெயும் வரும்படி அப்பா அமைத்தார். எஞ்சின் சூடேறியதும் வால்வைத் திருப்பவேண்டும். மண்ணெண்ணெய் செல்லும் செம்புக் குழாயைப் புகை வெளியேறும் இரும்புக் கிளைக்கு அருகில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். காபுரேற்றரை அடையும் முன்னரே எண்ணெய் கொஞ்சம் சூடாகட்டும் என்பதற்காக. தீப்பிடிக்கக்கூடிய ஏற்பாடு என்று இன்றைக்குச் சொல்வது எளிது. அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் ஓடிய எல்லா வண்டிகளும் ஏதோவொரு விதத்தில் அப்படித்தான் ஓடின. எரியாமல் எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும் என்பதால், காலையில் ஒயில் கம்பியை இழுத்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தது. மண்ணெண்ணெய் மணம் வந்தால் அன்று ஓட்டம் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, குடாநாட்டின் மேற்கிலுள்ள வலிகாமம் முழுவதும் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது, இந்தப் பிக்கப்பும் அந்த மழையில் நாவற்குழி நோக்கி ஊர்ந்தது. நடப்பவர்களை விட மெதுவாகத்தான் அதனால் போகமுடிந்தது. நின்று நின்று போன ஓட்டத்தில் எஞ்சின் கொதிக்க, பாதித் தூரம் தள்ளிக்கொண்டே போனோம். பின்தட்டில் அம்மம்மா, தையல் மெசின், இரண்டு அரிசி மூட்டை, யாருடையவை என்று தெரியாத மூன்று பிள்ளைகள். தட்டின் இடப்பக்கச் சுவரில் தையல் மெசினின் கால் அழுத்திய பள்ளம் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு திரும்பி வந்த பின்னர் வண்டி அதிகம் ஓடவில்லை.

திருத்தும் வேலையில் மிகவும் நேரம் எடுத்தது வெட்டுவதோ ஒட்டுவதோ அல்ல. எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பதே. கொழும்பில் ஒரு பெயின்ற் வேலைத்தலத்தில் விசாரித்தபோது, முழு உடலையும் மணல் வீசி உரித்து, புட்டி பூசி, கண்ணாடி போல மினுக்கித் தருவதாகச் சொன்னார்கள். புதிதாக இறங்கிய நாளிலும் அந்த வண்டி அப்படி மினுங்கியிருக்காது. வெங்காயம் ஏற்றப் பிறந்த வண்டிக்குக் கல்யாணக் காரின் பளபளப்பு எதற்கு? கதவின் உட்புறத்தில் நாணயம் அளவு இடத்தை எடுத்து, முதலில் முரட்டு வோட்டர் பேப்பராலும் பின்னர் மென்மையானதாலும் நீர்விட்டுத் தேய்த்தோம். பச்சை, அதன் கீழ் நீலம், அதன் கீழ் இன்னொரு நீலம், கடைசியில் மங்கிய சாம்பல் நிறம் என்று மரத்தின் வளையங்கள் போல அடுக்குகள் தெரிந்தன. அந்தச் சாம்பல், அளவுமானிப் பலகையின் பின்னாலும் இருக்கைக்குக் கீழும் வெயில் படாமல் அப்படியே மீந்திருந்தது. அங்கெல்லாம் சோப்புத் தண்ணீரால் துடைத்து மெழுகு பூசியதோடு விட்டுவிட்டோம். வெளியே, உக்கிய இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த பின்னர், மீந்திருந்த சாம்பலுக்கு இணையாகக் கலந்து தூரிகையால் அல்ல, விசிறிதான் பூசினோம், ஆனால் மினுக்கவில்லை. தட்டுச் சுவரின் பள்ளத்தைத் தட்டி நேராக்க வந்தவரைத் தடுத்து நிறுத்துவதற்கு நான் அன்று கடைக்குப் போகாமல் வீட்டில் நின்றேன்.

இயந்திரப் பகுதிகளில் அப்படியான இரக்கம் காட்டக்கூடாது. மைனரின் முன்சக்கரங்களைத் தாங்கி நிற்கும் செங்குத்துத் தண்டின் மேலும் கீழும் மரை வெட்டிய இணைப்புகள் உள்ளன. ஒரு பக்கத்தில் வலமரை, மறுபக்கத்தில் இடமரை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அவற்றுக்குக் கிறீஸ் அடிக்கவேண்டும் என்பது பழைய விதி. அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போதே சக்கரம் மடிந்து வண்டி ஒரு தோளில் சாய்ந்துவிடும். தெருவோரம் முழங்காலிட்டதைப் போல நிற்கும் மைனரை எங்கள் ஊரில் பலர் பார்த்திருப்பார்கள். எங்கள் வண்டியின் கீழ் இணைப்புகள் இரண்டையும் கழற்றியபோது உள்ளே கிறீஸுக்குப் பதிலாகச் செம்மண் களி இருந்தது. கையால் ஆட்டியபோது அரை விரல் அகலம் ஆடியது. இரண்டையும் புதிதாக மாற்றினோம். ‘ஒறிஜினல்’ என்ற சொல்லை அந்த இடத்தில் உச்சரிப்பவரை நான் அந்த வண்டியில் ஏற்றமாட்டேன்.

பிறேக்கின் பிரதான சிலிண்டர் இன்னொரு சோதனை. அது சாரதியின் காலுக்குக் கீழே, சட்டகத்தின் பக்கத் தண்டுக்குள் ஒளிந்திருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி, தட்டைக் கழற்றித்தான் அதற்கு பிறேக் ஒயில் ஊற்றவே முடியும். அதைக் கழற்றவோ, அதன் ஆணிகளை இழுக்க வழிவிடாமல், வில்லுக்குப் பதிலாக முறுகிச் சுமை தாங்கும் முன்சக்கரத்தின் முறுக்குத் தண்டு குறுக்கே கிடக்கும். முறுக்குத் தண்டைத் தளர்த்தி நகர்த்தாமல் ஆணி வராது. இதை வடிவமைத்தவர் மேதை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அவர் தன் கையால் அந்த ஆணியைக் கழற்றியிருக்கமாட்டார் என்பதிலும் ஐயமில்லை. ஒரு பகல் முழுக்க அதற்கே போனது.

மின்சாரத்தில் ஒரு விபத்தும் நடந்தது. இந்த வண்டியில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படவேண்டும். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. ஒரு கராஜில் பற்றறியை ஏற்றிக்கொண்ட போது, அங்கிருந்த இளைஞர் பழக்கதோசத்தில் மாற்றிப் பூட்டிவிட்டார். டைனமோ மறுமுனைப்பட்டு, மின்னேற்றம் நின்றது. சரியான முனையிலிருந்து ஒரு கம்பியால் கணநேரம் தொட்டு அதன் காந்தத்தைத் திரும்ப நெறிப்படுத்தியதும் தேறிவிட்டது. இப்போது பற்றறிக்கு மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை தொங்குகிறது.

எஞ்சினைத் திறந்தபோதுதான் அப்பாவுக்கே தெரியாத ஒரு விடயம் வெளிப்பட்டது. எஞ்சின் கட்டையில் அறையப்பட்டிருந்த சிறு தகட்டைச் சுரண்டித் துடைத்துப் பார்த்தோம். இலக்கம் ‘9எம்’ என்று தொடங்கியது; அதாவது இது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், அந்தக் காலத்து மைனர்களோடு வந்த வகையே. அந்தத் தொடரிலே இருந்த ‘எல்’ என்ற எழுத்து, குறைந்த அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் எரிபொருட்கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு குறைவு என்பதை, குறிப்பது. வழக்கமான எஞ்சினில் 8.3க்கு 1 ஆக இருந்த விகிதம் இதில் 7.2க்கு 1. தரங்குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்கென்று செய்த வகை இது. மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருள் உயர்ந்த அழுத்தத்தில் நேரம் தவறி வெடித்து, பிஸ்ரனை ‘டக டக’ என்று அடிக்கும். அழுத்தம் குறைய அந்த அடியும் குறையும். பக்கத்து வீட்டுக்காரரின் கார் இரண்டே வருடத்தில் பிஸ்ரன் உடைந்து நிற்க, எங்கள் பிக்கப் மட்டும் ஐந்து வருடம் தாக்குப்பிடித்ததற்கு அப்பா தன் செம்புக் குழாய்ச் சுற்றைத்தான் காரணமாக நம்பியிருந்தார். தகட்டை வாசித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “குழாயும் உதவினதுதான்” என்றார். நான் மறுக்கவில்லை.

உதிரிப் பாகங்களுக்கு அலைந்த கதையை நீட்டவேண்டியதில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாதி கிடைத்தது, மீதி இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், இந்த வண்டிக்கான உடற்தகடுகளை இலங்கையில் செய்வித்து அங்கே வரவழைத்தார். அதாவது எங்களுக்கு மண்ணெண்ணெயே அரிதாக இருந்த நாட்களில், இதே தீவின் தெற்கில் மைனருக்குப் புதுத் தகடு அடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்த வால்வு. எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது அதைக் கழற்றிப் பெட்டியில் வைக்கத்தான் நானும் நினைத்தேன். திருத்த வேலை முழுவதையும் முன்னின்று செய்த கராஜ் அண்ணை, எழுபதைத் தாண்டியவர், தானும் அந்தக் காலத்தில் எத்தனையோ வண்டிகளுக்கு இதே வேலையைச் செய்தவர், கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு, “கழட்டாதை தம்பி, திரும்ப எண்ணெய் இல்லாமல் போனால் என்ன செய்வாய்?” என்றார். சிரித்தேன். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் சொன்னதும் பலிக்கவில்லை. அந்த முறை மண்ணெண்ணெயும் இருக்கவில்லை. எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டுக்குப் பதிவு செய்யச் சட்டக இலக்கம் கேட்டார்கள், நான்கு அடுக்குப் பெயின்ற் சுரண்டி ஏற்கெனவே அதை வாசித்து வைத்திருந்தது மட்டும் உதவியது.

அதற்காக வால்வை வைத்திருக்கவில்லை. இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நாளில் எப்படி இருந்தது என்பதைக் காட்ட உலகத்தில் இன்னும் பல மைனர் பிக்கப்புகள் இருக்கின்றன; மினுக்கி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் அது எப்படி ஓடியது என்பதைக் காட்ட எங்களிடம் இருப்பது இந்தப் பித்தளைத் துண்டும் இரண்டு சுற்றுக் குழாயும்தான். பாதுகாப்புக்காக இரு முனைகளையும் அடைத்து, எரிபொருளுக்குச் சூட்டிலிருந்து விலகிய புதுக் குழாய் போட்டிருக்கிறோம். ஆகவே அது இப்போது எதையும் கடத்துவதில்லை. சேலைன் போத்தல் தொங்கிய கொக்கியும் அப்படியே.

மாதம் ஒருமுறை கிறீஸ் அடிக்கிறேன், மழை நாளில் வெளியே எடுப்பதில்லை, அடிப்பக்கத்தில் உப்புக்காற்றுக்கு எதிராக மெழுகு தெளித்திருக்கிறேன். இன்னும் முடியாமல் நிற்பது திரும்பும் திசையைக் காட்டும் கைகாட்டி ஒன்று மட்டும். கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து இடப்பக்கக் கை அழகாக எழுகிறது. வலப்பக்கக் கை பாதியில் நின்று நடுங்குகிறது. சுருளை மாற்றியும் பலனில்லை. அதுவரை வலப்பக்கம் திரும்பும்போது அப்பப்பா செய்ததைப் போல முழங்கை வரை வெளியே நீட்டிக் காட்டுகிறேன், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் நான் யாருக்கோ கை காட்டுவதாக நினைத்துத் திரும்பக் கை காட்டிவிட்டுப் போகிறார்கள்.