வலது கண்ணுக்கு நீலப் புகை

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் நின்று தென்னை மரத்தடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏங் கண்ணு, வண்டிக்கு எப்ப வெள்ளையடிச்சே?"

1999இல் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் வெள்ளைதான். சொன்னேன். "இல்லே, சந்தனக் கலரு" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஆபரேஷன் ஆன மனிதரிடம் எதற்கு வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன்.

கார் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அதற்கென்று இருக்கும் ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, பழைய மெக்கானிக்கல் பம்பு வைத்த டீசல் இன்ஜின். பதினைந்து வருஷம் முடிந்த பிறகும் இரண்டு தடவை ஆர்.சி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஓட்டுவது அப்பா மட்டும்தான். கண் மங்கியதால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம், ஆக மொத்தம் இரண்டு மாதம் வண்டி தென்னை மரத்தடியில் அசையாமல் நின்றது. சும்மா நின்றால் பேட்டரி போய்விடுமே என்று ஒரு திங்கட்கிழமை நான் ஆபீசுக்கு எடுத்தேன்.

காலை ஆறரை மணிக்கு ஸ்டார்ட் செய்தபோது அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கோலம் இருந்த இடம் தெரியவில்லை. "வெள்ளை வெள்ளையா கக்குது, சாம்பிராணி போட்டாப்பல" என்பது அம்மாவின் வாக்குமூலம்.

என் மனைவி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். காந்திபுரம் மேம்பாலம் ஏறும்போது நான் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறேன். அவள் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "ஏனுங்க, நான் போட்டுட்டு வந்த மஞ்சள் துப்பட்டா ஞாபகம் இருக்குதுங்களா? அது இப்ப மஞ்சள் இல்லீங்க. கருகருன்னு அடிக்குது உங்க வண்டி."

மாலையில் அப்பா நீதிபதி மாதிரி நாற்காலி போட்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். "ஆன் பண்ணு. ம்ம், அப்படியே விடு." ஐந்து நிமிஷம் பார்த்தார். "நீலம். சந்தேகமே இல்லே, நீலம்."

வீட்டில் மூன்று பேர், புகையில் மூன்று நிறம். டீசல் வண்டியில் நிறம்தான் நாடித்துடிப்பு. கறுப்பு என்றால் போகிற டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அரைகுறையாக எரிந்து கரியாக வருகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, சிலிண்டருக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே ஆவியாக வருகிறது, அல்லது ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போய், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே இறங்குகிறது. கறுப்புக்கு சில நூறில் முடியலாம். நீலத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டி வரலாம். ஆகவே இது வெறும் ரசனை சம்பந்தப்பட்ட விவாதம் இல்லை.

குழப்பத்தைத் தீர்க்க புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். குழலை சைலன்ஸருக்குள் விட்டு, ஆக்சிலேட்டரை அடிவரை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னார்கள். நம் மாதிரி பழைய டீசலுக்குப் புகையின் அடர்த்தி அளவு 2.45க்குள் இருக்க வேண்டும். திரையில் 4.3 என்று வந்தது. அந்தப் பையன் தும்மியபடியே சொன்னான்: "சார், மெஷின் கண்ணாடிய ஒரு தடவ தொடச்சுக்கறனுங்க." தொடைத்த பிறகு 4.6. நிறத்தைக் கேட்டேன். மெஷினுக்குப் புகையில் வெளிச்சம் எவ்வளவு மறைகிறது என்று மட்டும்தான் தெரியுமாம், கலர் தெரியாதாம். எங்கள் வீட்டு ஆட்களைவிட அடக்கமான மெஷின்.

அடுத்தது பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒர்க்‌ஷாப். அப்பாவும் கூட வந்தார். தப்பு அங்கேதான் நடந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "நீலப் புகைங்க தம்பி" என்று தீர்ப்பை வாசித்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? "அப்ப ரிங் போயிருச்சுங்க. இன்ஜின் எறக்கோணும். நாப்பத்தஞ்சு ஆகும்." மெக்கானிக்குகள் எப்போதும் ஆயிரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, அதைக் கேட்கிற நம் நெஞ்சு சொல்லிக்கொள்ளும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஆபீஸ் நண்பர் ஒருவர், "முதல்ல ஒரு பம்ப் ரூம்ல காட்டுங்க" என்றார். இன்ஜினுக்கு டீசலை அனுப்பும் பம்பையும் நாசிலையும் பழுது பார்க்கிற கடை அது. வீட்டில் வந்து பம்ப் ரூம் போகிறேன் என்றதும் அம்மா, "அப்படியே நம்ம போர் மோட்டாரையும் கேட்டுட்டு வா கண்ணு, தண்ணி கம்மியா ஏறுது" என்றார். கோயம்புத்தூரில் பம்பு என்றால் கிணற்றுக்குள் இருப்பதுதான். காருக்குள்ளும் ஒன்று உண்டு என்பதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

பம்ப் ரூமில் இருந்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். நான் புகையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "அத அப்பறம் பாக்கலாம். ஆயில் கடைசியா எப்ப ஊத்துனீங்க?" ஆறு மாதம் முன்பு சர்வீஸில் மாற்றியது. டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். மேல்கோட்டில் நின்றது. "ரிங் போய் ஆயில் எரிஞ்சா, ஆயில் கொறயோணுமா வேண்டாமா?"

நாற்பத்தைந்தாயிரத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு குச்சி இருந்திருக்கிறது. நான் அதை உருவிப் பார்க்கவே இல்லை.

திருப்தி இல்லாமல் அவர் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையை வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த வழியாகப் புஸ் புஸ் என்று காற்று தள்ளுமாம். பேக் கம்ப்ரஷன் என்பார்கள். கை அசையவில்லை. "நீலம்னு ஆரு சொன்னா?"

"எங்கப்பாங்க."

"கண்ணு ஆபரேஷன் ஆச்சுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகையைப் பார்த்து அப்பாவின் கண்ணைக் கண்டுபிடிக்கிறாரே!

"எனக்கும் ஆச்சுங்க தம்பி. புரை விழுந்த கண்ணு எல்லாத்தையும் மஞ்சளாக் காட்டும். வருசக்கணக்கா மெதுவா ஆகறதுனால நமக்குத் தெரியாது. அத எடுத்துட்டுப் புது லென்சு வெச்சதும் ட்யூப் லைட்டெல்லாம் நீலமாத் தெரியும். நான் ஒரு மாசம் எல்லா வண்டிக்கும் ரிங் போச்சுன்னே சொல்லிட்டிருந்தேன். நல்லவேளை, பையன் கடையில இருந்தான்."

சந்தனக் கலர் கார் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப்புகளைத் தட்டிவிட்டு மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு குடும்பம் வாழ்ந்த அடையாளம். தேங்காய் நார் மெத்தை, தலையணைப் பஞ்சு, நாங்கள் யார் யாரையோ சந்தேகப்பட்ட அம்மாவின் விளக்குத் திரி ஒரு கட்டு, அப்பா சொட்டு மருந்து விட்டுக் கண் துடைத்துப் போட்ட பஞ்சுகள். அணில். இரண்டு மாதம் தென்னை மரத்தடியில் ஆடாமல் அசையாமல் நின்ற வீடு எதற்குக் கிடைக்கும்? குஞ்சுகள் இல்லை, நல்லவேளையாக ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். வாடகை பாக்கி.

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று வருகிறது என்று பழைய பம்புக்குத் தெரியாது. நாம் மிதிக்கிற அளவுக்கு டீசலை அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்று வழியை அணில் அடைத்துவிட்டால் மேம்பாலத்தில் துப்பட்டா கறுக்காமல் என்ன செய்யும்?

அதோடு விடவில்லை அவர். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாலு நாசிலையும் கழற்றி, கையால் அடிக்கும் டெஸ்டரில் ஒவ்வொன்றாக மாட்டி லீவரை அழுத்தினார். மூன்று நாசில் கர்ர் கர்ர் என்று சத்தம் போட்டுப் பனி மாதிரி தூவின. நான் ஆர்வத்தில் கையை நீட்டினேன். சடாரென்று தட்டிவிட்டார். "கைய வெக்காதீங்க. அந்தப் பிரஷர்ல டீசல் தோலுக்குள்ளயே எறங்கிரும்." இந்த இன்ஜினுக்கு நாசில் 130 கிலோ பிரஷர் பக்கம் திறக்க வேண்டும். நாலாவது 90இலேயே திறந்து, ஜலதோஷம் பிடித்த குழந்தை மூக்கு மாதிரி ஒழுகியது. முனையை மாற்றி, உள்ளே ஷிம் என்கிற மெல்லிய தகடு ஒன்று போட்டு, பிரஷரைச் சரி செய்தார்.

அம்மாவின் வெள்ளைப் புகை? அதுவும் உண்மைதான். ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்று செத்திருந்தது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது, அழுத்தத்தில் காற்று சூடாகித்தான் டீசல் பற்றும். காலைக் குளிரில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பற்றாமல் டீசலை அப்படியே ஆவியாகத் துப்பியிருக்கிறது. சூடானதும் நின்றுவிடும். ஆறரை மணிக்குக் கோலம் போடுகிறவருக்கு மட்டுமே தெரிகிற நோய். கூலண்ட் குறைகிறதா என்றும் பார்த்தார், குறையவில்லை.

ஃபில்டர், நாசில் முனை, ஹீட்டர் பிளக், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். வாய்விட்டே சொன்னார். மறுபடி பரிசோதனைக்குப் போனேன். 1.7. பையன் இந்த முறை தும்மவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கண் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ ஒரே குஷி. வலது கண்ணை மூடித் திறந்து, இடது கண்ணை மூடித் திறந்து வீடு முழுக்கச் சோதித்தார். "இந்தக் கண்ணுல வேட்டி வெள்ளை, இந்தக் கண்ணுல காவி. அடடே!" அம்மாவின் புடவை, சுவர், தயிர் எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு நிறம். அரை மணி நேரம் இதே வேலை.

பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். "ஆன் பண்ணு. மிதி. நல்லா மிதி." வலது கண்ணை மூடி ஒரு பார்வை. இடது கண்ணை மூடி ஒரு பார்வை. வீதிக்கே கேட்கிற குரலில் அறிவித்தார்:

"ரெண்டு கண்ணுலயும் ஒண்ணுமே தெரியலே!"

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அம்மா சொட்டு மருந்துப் பாட்டிலோடு ஓடி வந்தார்.