பால்மரம் தளிர்த்து முடிகிற நாளில் சில ஜப்பானியப் பாட்டுகள்

மே மாதம் பிறந்தால் நான் நான்கைந்து ஜப்பானியப் பாட்டுகளையே திரும்பத் திரும்பக் கேட்பேன். எல்லாம் வசந்தம் முடிந்து கோடை தொடங்குகிற அந்தச் சில நாள்களின் பாட்டுகள். மலேசியாவில், தாப்பாவில் உட்கார்ந்துகொண்டு வசந்தம் முடிகிற பாட்டைக் கேட்கிறாயே, இங்கே வசந்தம் எங்கே இருக்கிறது என்று தம்பி கேட்டான். காலையில் வெயில், சாயங்காலம் இடியோடு மழை, மறுநாளும் அதேதான். அன்றைக்கு அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஈப்போ பக்கம் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அங்கே ஓய்வு பெறும் வயதில் ஒரு பொறியாளர் இருந்தார். விவசாயக் குடும்பம். ஏப்ரல் கடைசி வந்துவிட்டால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு மெட்டை முணுமுணுப்பார். சகுரா, அதாவது செர்ரிப் பூ, அந்தப் பாட்டா என்று ஒருநாள் கேட்டேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இல்லை, சகுரா உதிர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் வேலை ஆரம்பிக்கும், இது அந்த வேலையின் பாட்டு என்றார்.

அதுதான் 'சாட்சுமி', தேயிலைக் கொழுந்து எடுக்கும் பாட்டு. 1912இல் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில், எழுதியவர் பெயர் போடாமல், மூன்றாம் வகுப்புக்காக வந்தது. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கைகொட்டி விளையாடுவதும் இந்தப் பாட்டுக்குத்தான். எடுத்த எடுப்பிலேயே ஒரு கணக்கு வரும்: கோடை நெருங்குகிற எண்பத்தெட்டாம் இரவு. பிப்ரவரி 4 வாக்கில் வருகிற வசந்தப் பிறப்பை ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே போனால் 88ஆவது நாள் மே 2 வாக்கில் வந்து நிற்கும். அதோடு உறைபனியின் பயம் தீர்ந்தது என்பது குடியானவர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஏனென்றால் பனி பட்டால் கொழுந்து கருகிப் போகும். 88ஐ அவர்கள் எழுதுகிற எட்டு, பத்து, எட்டு என்ற மூன்று எழுத்துகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அரிசியைக் குறிக்கிற எழுத்து வரும், அதனால் நெல்லுக்கும் அது நல்ல நாள். அடுத்த மூன்று நான்கு நாளில், மே 5 அல்லது 6இல், அவர்கள் பஞ்சாங்கத்தில் கோடை பிறந்துவிடும். எவ்வளவு குறுகின இடைவெளி பாருங்கள், அதற்குள் ஒரு பாட்டு.

என் சித்தி ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்து எடுத்தவர். கேமரன் மலையில் கொழுந்து வருஷம் முழுக்க வரும், இரண்டு மூன்று வாரத்தில் அதே செடிக்குத் திரும்பியாக வேண்டும், முடிவே கிடையாது. ஜப்பானில் செடி குளிர்காலம் முழுக்க உறங்கி எழுந்து விடுகிற முதல் கொழுந்துக்குத்தான் மதிப்பு, அந்தச் சில நாளைத் தவறவிட்டால் போயிற்று. அதனால்தான் இரண்டாவது சரணத்தில் பறி, பறி, பறித்தே ஆகணும், பறிக்காவிட்டால் ஜப்பானின் தேநீர் ஆகாது என்று வருகிறது. சித்திக்கு இதை அர்த்தம் சொன்னேன். "இது கங்காணி பாட்டுடி" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். பாட்டில் வருகிற பெண்கள் சிவப்புக் கச்சையால் சட்டைக் கையை இழுத்துக் கட்டி, கோரைத் தொப்பி போட்டிருப்பார்கள். சித்தி இடுப்பில் பிளாஸ்டிக் தாளும் காலில் பூட்ஸும் போட்டுக்கொண்டு போனவர். இன்றைக்கு இரண்டு நாட்டிலும் பெரும்பாலும் இயந்திரம்தான் வெட்டுகிறது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நமக்கு வசந்தம் இல்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் மொத்தமாக இலையைக் கொட்டிவிடும், காடே வெளிச்சமாகிவிடும், நிரைக்குள் நடந்தால் சருகு முழங்கால் வரைக்கும் சத்தம் போடும். பால் குறையும், பால் பிடிக்கிற மங்கில் பாதிகூட நிறையாது, அந்த மாதம் வீட்டில் காசும் குறையும். அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும், துவண்டு தொங்கும், பச்சையாகும், பொடிப்பொடியாகப் பூ வந்து ஒரு வாசம் அடிக்கும். மே மாதம் வரும்போது இலை முற்றி நிழல் திரும்பியிருக்கும், பாலும் திரும்பிவிடும், கடைக்காரரிடம் பாக்கி அடைபடும். அந்த மூச்சு விடுகிற நாள்கள்தான் எங்கள் வசந்தக் கடைசி. இப்போது ஊரைச் சுற்றிப் பார்க்கிற பக்கமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை, அது இலை கொட்டுவதில்லை, அதனால் தம்பிக்கு இது நினைவில்லை. அவன் பிறந்தபோது அம்மா வெட்டுவதை விட்டுவிட்டார்.

இதே மனநிலை எனக்கு 'நாட்சு வா கினு' பாட்டில் முழுசாகக் கிடைக்கிறது. 1896இல் வந்தது, சொல் சசாகி நொபுட்சுனா என்கிற கவிஞருடையது, மெட்டு கோயாமா சக்குனோசுகே போட்டது. ஐந்து சரணம், ஒவ்வொன்றும் 'கோடை வந்தது' என்று முடியும். அந்தக் 'கினு' பழைய இலக்கணம், இன்றைய காதுக்கு 'வரவில்லை' என்பதுபோலக் கேட்கும், ஆனால் அர்த்தம் வந்தே விட்டது என்பதுதான். நம் பழைய பாட்டில் ஒரு சொல் இன்று வேறு மாதிரி கேட்குமே, அதுபோல. வேலியில் வெள்ளைப் பூ மணக்க, குயில் இனத்துப் பறவை ஒன்று அந்த வருஷத்தின் முதல் குரலை அடக்கி வாசிக்கும். மழை கொட்டுகிற மலை வயலில் நாற்று நடுகிற பெண்களின் ஆடைக் கரை நனையும். மின்மினி ஜன்னல் வரைக்கும் வந்து, சோம்பல் படாதே என்று சொல்லிவிட்டுப் போகும். நான்காவது சரணத்தில் ஆற்றோரம் ஒரு மரம் பூ உதிர்க்கும், அந்த மரம் எதுவென்று தேடினேன், நம் மலைவேம்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைசிச் சரணத்தில் மின்மினி, பறவை, பூ, நாற்று எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும், அந்த இடத்துக்காகவே முதலிலிருந்து கேட்பேன்.

மங்கலான நிலவு, கடுகுப் பூ வயல், தவளைச் சத்தம் வேண்டும் என்றால் 1914இன் 'ஓபோரோசுக்கியோ'. சொல் தகானோ தட்சுயுகி, மெட்டு ஒகானோ தெய்இச்சி. மழை விட்ட ராத்திரிக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. 1949இல் வானொலிக்காக வந்த 'நாட்சு நோ ஓமோயிதே' பெயரில் கோடை நினைவு என்றாலும், அதில் வருகிற ஓசே சதுப்புநிலத்து வெள்ளைப் பூ பனி உருகின கையோடு மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பூப்பது. அதனால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு பாட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 'செய் குராபே', உயரம் அளந்து பார்ப்பது. சொல் உன்னோ அட்சுஷி, மெட்டு நகாயாமா ஷிம்பெய். மே 5 அங்கே அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகளின் திருநாள். தூணில் இருக்கிற கீறல் முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் மே 5இல் அளந்தது, இலையில் கட்டிய சோற்றுருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் அளந்தான் என்று பிள்ளை பாடும். நேற்று அளந்து பார்த்தால் வளர்ந்தது கொஞ்சூண்டுதான் என்று அலுத்துக்கொள்ளும்.

பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டில் ஜப்பானியப் பாட்டுச் சத்தமாகப் போட முடியாது. பாட்டியின் அப்பா 1943இல் ஜப்பானியர்களால் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் போலவே அவரும் திரும்பி வரவில்லை. பாட்டிக்கு அப்போது ஆறு வயது. அந்த மொழி காதில் விழுந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார், நானும் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்பேன். பாட்டி இறப்பதற்கு முந்தின வருஷம் ஒருநாள் நான் கவனிக்காமல் ஒயர் கழன்று 'செய் குராபே' வெளியே கேட்டுவிட்டது. நான் பதறி நிறுத்தப் போனேன். சின்னப் பிள்ளைப் பாட்டா, என்ன சொல்லுது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ போன வருஷம் யாரும் அளக்கலியா?"

"அண்ணன் வரல போல பாட்டி. வேலைக்குப் போன இடத்துல இருந்திருப்பான்."

"அப்புறம் வந்துட்டானா?"

நேற்று அளந்தது யார் என்று பாட்டில் இல்லை. வந்துட்டான் பாட்டி என்றேன்.