சனிக்கிழமை டெமோ போகாதீங்க

கோவையில் புதிதாகக் கம்பெனி தொடங்கும் பசங்க என்னைப் பார்க்க வந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்: "அண்ணா, சேல்ஸுக்கு ஆள் எப்போ எடுக்கலாம்?" கையில் கொஞ்சம் முதலீடு வந்ததுமே இந்த ஆசை வந்துவிடுகிறது. நாம் புரோகிராம் எழுதுவோம், விற்கிற வேலையை வேறு யாராவது பார்க்கட்டும் என்று. நீங்களே போய் விற்று, பில் போட்டு, பணத்தையும் வசூல் செய்து பாருங்கள், அதுவரை யாரையும் எடுக்காதீர்கள் என்பேன். முகம் சுருங்கிவிடும்.

எங்களுடைய மென்பொருள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கானது. நிட்டிங் முடிந்த துணி டையிங் போகும், அங்கிருந்து காம்பேக்டிங், அப்புறம் கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங். வெளியே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான் எழுதுவார்கள். எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, நடுவில் எவ்வளவு குறைந்தது என்ற கணக்குதான் நாங்கள் விற்பது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலி வேலைக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக வைத்து ஜிஎஸ்டி கேட்பார்கள். அதனால் தேவை இருக்கிறது. ஆனால் தேவை இருப்பதாலேயே யாரும் வாங்கிவிடுவதில்லை.

பசங்களுக்கு ஃபிரெஷ்ஒர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் கதை மனப்பாடம். 2010-இல் சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான கம்பெனி, பெருமைதான். அவர்களுடைய முதல் வாடிக்கையாளரே ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. அப்படி இணையத்தில் பார்த்துத் தானாக வந்து வாங்குகிறவர்களுக்கு விற்கும் வித்தை வேறு. திருப்பூர் முதலாளிக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். நாளைக்கு ஏதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

போகிற நாளும் முக்கியம். சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் நாள். அன்றைக்கு லேப்டாப்போடு போய் நின்றால் டீ கூடக் கிடைக்காது. தீபாவளிக்கு முன்னால் போனஸ் கவலை, அப்போதும் போகக் கூடாது. முதலாளி அறையில் டெமோ முடிந்து அவர் தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வாசல் பக்கம் எடை மெஷின் அருகே கார்பன் வைத்து டிசி எழுதிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவர் இருப்பார். அவருக்குப் பிடிக்காவிட்டால் உங்கள் மென்பொருள் ரெண்டு வாரம் தாண்டாது. வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது மவுஸைத் தேட அவருக்கு நேரமில்லை. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எங்கள் டிசி திரையை முழுக்க கீபோர்டிலேயே ஓடுகிற மாதிரி மாற்றினோம். சம்பளத்துக்கு வந்த சேல்ஸ்மேன் இதைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல மாட்டார். "விலையைக் குறைச்சா வாங்கிருவாங்க சார்" என்றுதான் சொல்வார்.

வசூலும் அப்படித்தான். இந்த மாதம் பில் போட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 18 சதவீத வரியை நாம் கட்டிவிட வேண்டும், பார்ட்டி, அதாவது வாங்கியவர், பணம் தந்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முதல் வேலையாகச் செய்துகொள்ளுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு, வாங்கியவர்கள் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும். தராமல் ஆண்டு முடிந்தால், தருகிற வரைக்கும் அந்தச் செலவை அவர்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் இதைப் பணிவாக அவர்களுடைய ஆடிட்டர் காதில் போட்டால் போதும், முதலாளியிடம் நாம் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆள் எடுப்பதில் எனக்கு ரெஸ்யூம் மீது பெரிய நம்பிக்கை இல்லை. அரை நாள் ஒரு யூனிட்டுக்குக் கூட்டிப் போவேன், பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். பெரும்பாலும் "செயல்முறைகளை டிஜிட்டல் ஆக்கலாம்" என்கிற மாதிரி எழுதுவார்கள். பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண், 'துணி ரோலை எடை போடவே இல்லை, ரோல் மேல் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள எடையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்கள்' என்று எழுதியிருந்தார். எங்கள் சப்போர்ட் இன்று அவர் கையில்தான் இருக்கிறது. அவரைக் கேட்காமல் நான் எந்தப் பார்ட்டிக்கும் புது வசதி செய்து தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை. அதைச் செய்து முடிக்க ராத்திரி உட்காரப் போவது அவருடைய டீம்தானே.

அப்புறம், கடைசியில் சேல்ஸுக்கு ஆள் எடுக்கும்போது கமிஷனைப் பில் தொகையில் கணக்கிடாதீர்கள். பணம் வங்கியில் ஏறிய பிறகு கொடுங்கள். அது ஆஃபர் லெட்டரிலேயே எழுத்தில் இருக்கட்டும்.