வாய் மிச்சமிருந்தா தான் நாவல்

காலைல நாலே முக்காலுக்கு பெங்களூர்ல எலஹங்கா தாண்டி ஸ்கூட்டர்ல போறப்ப ரோட்ல ஏர்போர்ட் டாக்ஸி, பால் வண்டி, நான், அவ்ளோதான். அஞ்சே காலுக்கு லாயத்துக்குள்ள கால் வெச்சா பதினாலு குதிரையும் ஒரே நேரத்துல திரும்பி பாக்கும். என் மேல பாசம்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், தீவன பக்கெட் எந்த கைல இருக்குன்னு தான் பாக்குதுங்க. ஏழு வருஷமா இங்க வேலை, பாதி நேரம் டிரெஸ்ஸாஜ் கிளாஸ் எடுக்கறது, மீதி நேரம் குதிரைங்கள பழக்கறது. இதுக்கு நடுவுல நாலு வருஷமா ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன். ரெண்டையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்கன்னு யாராச்சும் கேட்டா சிரிச்சு சமாளிச்சிடுவேன், ஏன்னா பேலன்ஸே ஆகல, போன வருஷம் பிப்ரவரி வரைக்கும் சுத்தமா ஆகல.

டிரெஸ்ஸாஜ்னா என்னன்னு கேக்குற சொந்தக்காரங்களுக்கு "குதிரைக்கு பரதநாட்டியம்"னு சொல்லி முடிச்சிடுவேன். பாதி தப்பு, ஆனா அதுக்கு மேல விளக்குனா பந்தில சாம்பார் ஆறிடும். 20 மீட்டருக்கு 60 மீட்டர் மணல் தரை, ஆரம்ப லெவலுக்கு 20க்கு 40 போதும், சுத்தி ஏ, கே, இ, எச், சி, எம், பி, எஃப்னு எழுத்துப் பலகை. ஏ பக்கமா உள்ள வரணும், நட்டநடுவுல எக்ஸ், அதுக்கு பலகையே கிடையாது, நம்மளா மனசுல வெச்சுக்கணும், அங்க குதிரைய நிறுத்தி சி-ல உக்காந்திருக்குற ஜட்ஜுக்கு சல்யூட். அப்புறம் ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இவ்ளோன்னு மார்க். 20 மீட்டர் வட்டம் போடறது தான் முதல் பாடம், எல்லாருக்கும் அது உருளைக்கிழங்கு ஷேப்ல தான் வரும், எனக்கே ரெண்டு வருஷம் உருளைக்கிழங்கு தான்.

2023 செப்டம்பர்ல ஹாங்சோ ஆசியப் போட்டில நம்ம டீம் டிரெஸ்ஸாஜ்ல தங்கம் வாங்குச்சு இல்லையா, 1982 டெல்லிக்கு அப்புறம் 41 வருஷம் கழிச்சு குதிரையேற்றத்துல கெடச்ச தங்கம், அந்த வாரம் எங்க ஆபீஸ் போன் ஓயவே இல்ல. "எத்தனை மாசத்துல மெடல் லெவலுக்கு வருவா?"ன்னு ஒரு அப்பா கேட்டாரு, பொண்ணுக்கு வயசு ஆறு. ஜெயிச்சவங்க எல்லாம் வருஷக்கணக்கா ஐரோப்பால போய் கெடந்து பழகுனவங்க சார்னு சொன்னேன், வெச்சிட்டாரு. ஆனா கிளாஸ் எண்ணிக்கை ஏறிடுச்சு. ஒரு நாளைக்கு மூணு எடுத்திட்டிருந்தவ ஆறு எடுக்க ஆரம்பிச்சேன், காசும் வந்துச்சு, நாவல் அந்த மாசத்துல இருந்து படுத்துடுச்சு. அப்ப ரெண்டையும் நான் முடிச்சு போட்டு பாக்கல.

நாவல் எங்க ஊர் பத்தி. ஓசூர் பக்கத்துல மத்திகிரில இருக்குற கால்நடைப் பண்ணை, 1824ல கிழக்கிந்திய கம்பெனிக்காரங்க பட்டாளத்துக்கு குதிரை வளர்க்க ஆரம்பிச்சது. நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்களுக்கு அது மாட்டுப் பண்ணை தான், அங்க குதிரை இருந்துச்சுன்னு தெரிஞ்சப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. அந்த லாயத்துல வேலை பாத்த ஒரு ஆளும் ஒரு குதிரையும், அதான் கதை. முதல் அறுபது பக்கம் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி யோசிச்சு வெச்சத அப்படியே எழுதுனது, அதுல குதிரை பிடரி பறக்க ஓடும், எஜமானன் செத்தா கண்ணீர் விடும். அந்த அறுபது பக்கத்துக்கு என்ன ஆச்சுன்னு கடைசில சொல்றேன்.

நேரம் பத்தலன்னு தான் நெனச்சேன், எல்லாரும் அப்படித்தானே நெனப்போம். அதனால ராத்திரி ஒம்போதுக்கு படுத்து ரெண்டே முக்காலுக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம் எழுதிட்டு வேலைக்கு போக ஆரம்பிச்சேன். பக்கம் வந்துச்சு, நல்லாவும் வந்துச்சு. மாட்டுனது மேகி. ரேஸ்ல இருந்து ரிட்டயர் ஆகி வந்த தரோபிரெட், அதாவது ரேஸ் ஜாதி பொண்குதிரை, ரேஸ் பேரு ஒரு முழம் நீளத்துக்கு இங்கிலீஷ்ல இருக்கும், லாயத்துல மேகி. ரேஸ் குதிரைக்கு கடிவாளத்த இறுக்குனா "சாஞ்சு ஓடு"ன்னு அர்த்தம், எங்க பாடத்துல அதே இறுக்கலுக்கு "கொஞ்சம் பொறு, பின்னங்கால்ல உக்காரு"ன்னு அர்த்தம், ஹாஃப் ஹால்ட்னு சொல்வோம். ஒரே சொல்லுக்கு அர்த்தத்த மாத்தி சொல்லிக் குடுக்கணும், அதுவும் அது பயப்படாம. இதுக்கு முழு ஆளா சாடில்ல உக்காரணும். குதிரை தோல்ல ஒரு ஈ உக்காந்தா அந்த எடத்த மட்டும் சிலிர்த்து உதறும், அப்பேர்ப்பட்ட உடம்பு மேல என் நாலாவது அத்தியாயத்தையும் சேத்து தூக்கிட்டு உக்காந்தா அதுக்கு தெரியாதா? எழுதிட்டு வந்த நாளெல்லாம் பி பலகைய தாண்டுறப்ப தோள உள்ள சாச்சிட்டு குறுக்க இழுத்துட்டு போயிடும். ஒரு வாரம் அது மேல கோவப்பட்டேன். ஞாயித்துக்கிழமை எழுதாம வந்தேன், சமர்த்தா வட்டம் போட்டுச்சு.

சரி, அப்ப ராத்திரி எழுதலாம்னு மாத்துனேன். இங்க தான் நாவல் செத்தது. ஆறு கிளாஸ் முடிச்சு வீட்டுக்கு வந்து லேப்டாப்ப தெறந்தா ஒரு வரி வராது. தூக்கம் கூட இல்ல, முழிப்பா தான் இருப்பேன், சீரியல் பாப்பேன், பாத்திரம் தேய்ப்பேன், எழுத்து மட்டும் வராது. விரல் ரெய்ன், அதான் கடிவாள வார், பிடிச்சு பிடிச்சு மரத்துப் போயிருக்கும்னு வாய்ஸ் டைப்பிங் கூட பண்ணி பாத்தேன், அது "லாயம்"னு சொன்னா "லாபம்"னு அடிக்கும், ஒரு அத்தியாயம் முழுக்க என் ஹீரோ லாபத்த கூட்டிப் பெருக்கிட்டிருந்தான், நாலு வருஷத்துல நாவல்ல வந்த ஒரே லாபம் அதான்.

அப்புறம் 2025 பிப்ரவரி வந்துச்சு. எலஹங்கா விமானப்படைத் தளத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஏரோ இந்தியா ஷோ நடக்கும், அந்த வருஷம் 10ல இருந்து 14 வரைக்கும். பறவைங்க வந்து விமானத்துல மோதிடும்னு சுத்தி 13 கிலோமீட்டருக்கு கறிக்கடைய கூட மூடச் சொல்லிடுவாங்க, அதுல எங்க வீட்ல ஒரு தனி சோகம் ஓடும், அத விடுங்க. ஜனங்களுக்கு திருவிழா, குதிரைக்கு உலகம் அழியற மாதிரி. ரஷ்யாக்காரனோட சு-57 போர் விமானம் ஒரு பக்கம், அமெரிக்காக்காரனோட எஃப்-35 ஒரு பக்கம்னு வானம் கிழியுது. அந்த சத்தத்துல மாணவங்கள ஏத்துனா யாராச்சும் விழுவாங்கன்னு அந்த வாரம் பூரா கிளாஸ் கேன்சல், சவாரியும் கிடையாது, காதுல பஞ்ச வெச்சு ஒவ்வொண்ணா கயித்துல புடிச்சு நடத்துறது மட்டும் தான். நானும் குதிரைய பாத்துக்கற சைஸ்களும் ஆளுக்கு மூணு நாலு குதிரை, தினம் நாலு மணி நேரம் மண்ணுல நடை. பேச ஒண்ணும் இல்ல, பேசினாலும் கேக்காது. கால் வலி உயிர் போச்சு, சவாரி நாள விட அதிக களைப்பு.

அந்த அஞ்சு நாள்ல இருபத்தி ரெண்டு பக்கம் எழுதுனேன். அதுக்கு முந்தின மூணு மாசத்துல எழுதுனது ஒம்போது.

அப்பதான் உறைச்சுது. நாவல தின்னது குதிரை இல்ல, நேரமும் இல்ல, கிளாஸ் தான். கிளாஸ்னா முக்கால் மணி நேரம் நிறுத்தாம பேசறது, "குதிகால் கீழ, கண்ணு மேல, வெளி ரெய்ன விடாத, மூச்சு விடு, மூச்சு விடுப்பா", இதையே ஒருத்தருக்கு கன்னடத்துல, அடுத்தவங்களுக்கு ஹிந்தில, அப்புறம் இங்கிலீஷ்ல. அதுவும் சும்மா சொன்னா ஏறாது, உவமை வேணும். ஒரு பொண்ணுக்கு ரெய்ன குருவிக்குஞ்சு மாதிரி புடின்னு சொல்லணும், ஐடி கம்பெனி ஆளுக்கு மவுஸ் மாதிரி புடின்னு சொல்லணும். ஒரு நாளைக்கு நாப்பது உவமைய மணல்ல கொட்டிட்டு வீட்டுக்கு போய் இன்னும் ரெண்டு குடுன்னு கேட்டா எங்க இருந்து வரும், பானைல ஒரே தண்ணி தானே. குதிரை பழக்கறது அப்படி இல்ல, அங்க சொல்லுக்கு வேலையே இல்ல. மேகி மேல ஒரு மணி நேரம் உக்காந்து எறங்குனா வாய்க்குள்ள பேச்சு சேந்து போயிருக்கும்.

ஓனர் கிட்ட போய் காலைல எனக்கு கிளாஸ் வேணாம், குதிரைங்கள மட்டும் பழக்கறேன், கிளாஸ் எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல வெச்சுக்கலாம்னு கேட்டேன். பெருசா சண்டை இல்ல, கணக்கு தான் போட்டாரு. கிளாஸுக்கு எனக்கு தலைக்கு இவ்ளோன்னு பங்கு, பழக்கறதுக்கு மாசச் சம்பளம் மட்டும், ஆக மாசம் எட்டாயிரம் கொறஞ்சுது. எட்டாயிரம்னா எங்க வீட்டுக்கு சின்ன தொகை இல்ல, அம்மா இன்னும் அத சொல்லிக் காட்டுறாங்க, அவங்க சொல்றதுல தப்பும் இல்ல. புக்கு வந்தா எட்டாயிரம் வருமான்னு கேட்டாங்க, நான் பேச்ச மாத்திட்டேன். இப்ப பத்தரை வரைக்கும் குதிரை, பதினொண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் தீவன ரூம்ல ஒரு மடக்கு சேர் போட்டு எழுத்து, அப்புறம் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், நாலு மணிக்கு வாய தெறக்கறது.

தீவன ரூம்ல எழுதறதுல எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. எங்க ஹெட் சைஸ் சிவாஜிநகர் தமிழர், நாப்பது வருஷம் ரேஸ் லாயத்துலயும் இங்கயும் குதிரை பாத்தவரு. இன்னாமா எழுதறன்னு கேட்டாரு. வாசிச்சு காட்டுனேன், அந்த பழைய அறுபது பக்கத்துல இருந்து. ஓடி வந்த குதிரைக்கு ஹீரோ கை நெறைய பச்சைக் கொள்ளு ஊட்டுற எடத்துலயே நிறுத்தச் சொன்னாரு.

"ஊறப்போடாம, வேகவெக்காம, வேர்வையோட நிக்குற குதிரைக்கா? வயிறு ஊதிக்கும்மா. குதிரைக்கு வாந்தி வராது தெரியும்ல, உள்ள போனது மேல வராது. உன் குதிரை அடுத்த பக்கம் பாக்காது."

தெரியும், ஏழு வருஷமா தெரியும். கோலிக்னு சொல்ற வயித்து வலி வந்த குதிரைய ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் வர்ற வரைக்கும் அவரு கூட சேந்து நானே நடத்தியிருக்கேன். ஆனா எழுதறப்ப கைக்கு வந்தது ஏதோ காலண்டர் படத்து குதிரை. "அப்புறம் அது அழுவுதுன்னு எழுதியிருக்கியே, குதிரை கண்ணுல தண்ணி வந்தா தூசியா இருக்கும், ஈ தொல்லையா இருக்கும், இல்ல கண்ணு நோவா இருக்கும், மருந்து போடணும்மா." அறுபதுல ஆறு பக்கம் தான் இப்ப மிச்சம். வாங்கறப்ப சுழி பாக்குற வழக்கத்த அவரு தான் விவரமா சொன்னாரு, நெத்தில எங்க சுழி இருந்தா ராசி, எங்க இருந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு. "குதிரை நல்லது தான், சுழி தான் சரியில்ல"ன்னு ஊர்ல சொல்வாங்களே, அத வெறும் பழமொழின்னு நெனச்சிருந்தேன், இவரு கண்ணால பாத்து விலைய கொறச்சவரு. அது ஒரு முழு அத்தியாயம் ஆச்சு.

நாவல்ல குதிரை நடைக்கு பேரு வெக்கறதுல மட்டும் இன்னும் முட்டிக்கறேன். வாக் நாலு குளம்புத் தட்டு, டிராட் ரெண்டு தட்டு, கேன்டர் மூணு தட்டு, காதுக்கு தெளிவா தெரியும். பழைய தமிழ்ல ஐங்கதின்னு இருக்கு, மயூரகதி, வானரகதின்னு அழகழகா பேரு, ஆனா என் லாயக்காரன் வாய்ல மயூரகதி வந்தா நாடகம் மாதிரி இருக்கு, டிராட்னு வந்தா 1824ல அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு இருக்கு. இப்போதைக்கு தட்டு எண்ணிக்கைய வெச்சே ஓட்டிட்டிருக்கேன்.

மேகிக்கு போன மாசம் முதல் டெஸ்ட், ஐம்பத்தெட்டு சதவீதம் சொச்சம். எக்ஸ்ல நிக்காம ரெண்டடி தள்ளி நின்னதுக்கு 5, கடிவாளத்த நீளமா விட்டு நடக்குற ஃப்ரீ வாக்குக்கு 7. ஹெட் சைஸ் பெரியவரு மார்க் ஷீட்ட வாங்கி தலைகீழா புடிச்சு பாத்துட்டு, அத விடுமா, அந்த மத்திகிரி குதிரைய வெள்ளக்காரன் ஏலத்துல விப்பானா மாட்டானான்னு கேட்டாரு. நான் இன்னும் முடிவு பண்ணல. விக்காத, வித்தா அந்த ஆளு குடிச்சே செத்துருவான்னு சொல்லிட்டு லாடக்காரர கூப்பிட போயிட்டாரு.

இத அடிச்சிட்டிருக்கப்பவே மணி மூணே முக்கால். நாலு மணி கிளாஸ் பொண்ணு ஹெல்மெட்ட இப்பவே மாட்டிட்டு கேட்டு கிட்ட நிக்குது. இன்னைக்கு ரெண்டு பக்கம் ஆச்சு. இனிமே பேசலாம்.