நாற்பத்து மூன்று போன் அழைப்புகளும் ஒரு சான்றிதழும்

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம்தான் நான் மனநலம் படிக்கப் போன கதை தொடங்கியது. (நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 2020 தொடக்கம், கொரோனாவுக்குச் சற்று முன்பு. நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஈசிஜி சரி, தைராய்டு சரி, ரத்தம் சரி. அமெரிக்காவில் டாலஸுக்கு வெளியே ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது மேல்படிப்பு முடித்து, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வழக்கப்படி பிஹெச்க்யூ-9 தாளை எடுத்தேன். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நானே தமிழில் கேட்டேன்.

"செய்யற காரியத்துல ஆர்வம் இல்லாம இருந்துச்சுங்களாம்மா?"

"இங்க செய்யறதுக்கு என்ன காரியம் இருக்கு அம்மிணி?"

இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரை 25 மில்லிகிராம் எழுதிக் கொடுக்க எனக்கு அனுமதி உண்டு, எழுதினேன். மனநல கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதமும் அனுப்பினேன். அங்கே தேதி கிடைத்தது நான்கு மாதம் கழித்து. அதற்குள் விசா காலம் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் எல்லா நோயையும் பார்க்கலாம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2008-இல் வந்த கன்சென்ஸஸ் மாடல் என்ற ஒப்பந்தப்படி ஆறு பிரிவுகள்: குடும்பம், பெரியவர்-முதியவர், குழந்தைகள், பச்சிளம் சிசு, பெண்கள் நலம், மனநலம். எதில் படித்தாயோ அதில்தான் உரிமம். நான் 2016-இல் எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலை) முடித்தது குடும்பப் பிரிவில். மனநலத்துக்கு மாற வேண்டுமென்றால் இன்னொரு முதுகலை தேவையில்லை. ஏற்கெனவே முதுகலை முடித்தவர்களுக்கென்றே போஸ்ட்-மாஸ்டர்ஸ் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. என்னுடையது 21 கிரெடிட், நோயாளிகளைப் பார்த்துப் பழகும் 600 மணி நேர கிளினிக்கல் பயிற்சி, செலவு பதினைந்தாயிரம் டாலருக்குச் சற்று மேல். கொரோனா எதையும் யோசிக்கவிடவில்லை. 2021 கோடையில்தான் விண்ணப்பித்தேன்.

முதல் படி கேப் அனாலிசிஸ். நீங்கள் முன்பு படித்த பாடங்களை ஒரு பக்கமும் புதுப் படிப்புக்கு வேண்டியதை இன்னொரு பக்கமும் எழுதி, எது செல்லும், எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கல்லூரி முடிவு செய்யும் தாள் அது. இதில் '3 பி' என்று மூன்று பாடங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்: மேல்நிலை நோய்க்கூறியல், மேல்நிலை மருந்தியல், மேல்நிலை உடல் பரிசோதனை. மூன்றும் தனித்தனிப் பாடங்களாக இருக்க வேண்டும். சான்றிதழ்த் தேர்வு நடத்தும் ஏஎன்சிசி-யின் விதியும் அதுதான்.

என்னிடம் மூன்றும் இருந்தன. மருந்தியல் மட்டும் 2015-இல் படித்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் பழையது செல்லாது என்றார்கள். ஐந்து வருஷமாக தினமும் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் எழுதினேன். விதி விதிதான், வேண்டுமானால் சிலபஸை அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்கள். பழைய கல்லூரியோ இணையத் தளத்தையே மாற்றியிருந்தது, பழைய சிலபஸ் எதுவும் கையில் இல்லை. இரண்டு வாரம் மின்னஞ்சலைத் துழாவிப் பார்த்துவிட்டு, சரி, திரும்பவே படித்துத் தொலைப்போம் என்று மூன்று கிரெடிட்டுக்குப் பணம் கட்டினேன். கோபம்தான். ஆனால் அந்தப் பாடம் வீண் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் வருகிறேன்.

இன்னொன்று, சேரும் முன்பே பார்க்க வேண்டியது: இணையவழிக் கல்லூரி எல்லா மாநில மாணவர்களையும் எடுத்துக்கொள்ளாது. நான் விரும்பிய முதல் கல்லூரி டெக்சஸிலிருந்து சேர்ப்பதில்லை என்பது கட்டணம் கட்டி விண்ணப்பித்த பிறகுதான் தெரிந்தது. அது என் தவறு.

2022 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. இரவு பத்து மணிக்கு மேல் படிப்பு. இதையெல்லாம் விவரிக்க ஒன்றுமில்லை, வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு விஷயம் மட்டும். இரண்டாவது பருவத்தில் பேராசிரியை 'பிராசஸ் ரெக்கார்டிங்' எழுதச் சொன்னார். நோயாளி சொன்னது ஒரு பத்தியில், நான் சொன்னது இன்னொன்றில், அப்போது என் மனதில் ஓடியது மூன்றாவதில். எங்கோ பார்த்தது போலிருந்தது. 2004-இல் சென்னையில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும்போது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைப் போஸ்டிங்கில் நீள நோட்டில் கோடு போட்டு எழுதியதே இதுதான். அன்று மூன்றாவது பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "நோயாளி ஒத்துழைத்தார்" என்று எழுதி வைத்தேன். பதினெட்டு வருஷம் கழித்து அதே பத்திக்கு முன்னால் அதே முழிப்பு.

இனி பிரிசெப்டர் கதை. படிப்பே இதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிரிசெப்டர் என்பவர், நாம் நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்து சொல்லித் தருபவர். பல கல்லூரிகளில் அவரை மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஓர் எக்செல் தாளில் பட்டியல் போட்டேன். கிளினிக் பெயர், போன், யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள். "மாணவர்களை எடுப்பதில்லை." "உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும்." "மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்றால் பதில் வராது என்று அர்த்தம். ஆள் பிடித்துத் தரும் தரகு நிறுவனங்களும் உண்டு. ஒன்று மணிக்கு 15 டாலர் கேட்டது. 600 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடிவைத்தேன்.

நாற்பத்து மூன்றாவது அழைப்பு, நான் நான்கு வருஷமாகப் பரிந்துரைக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்த அதே கிளினிக்குக்கு. அங்கே கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கொடுக்கும் இடத்தில் கேட்கக் கூச்சமோ என்னவோ. போனை எடுத்த வரவேற்பாளர் பெயரைக் கேட்டதும், "ஓ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபேக்ஸ் அனுப்புகிற ஆளா நீங்கள்!" என்றார். திட்டு விழும் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "வரச் சொல்கிறார், உங்கள் கடிதங்களில் மருந்துப் பட்டியல் முழுசாக இருக்குமாம்" என்றார்.

ஆள் கிடைத்தால் போதாது. கல்லூரிக்கும் கிளினிக்குக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இரண்டு பக்க வக்கீல்களும் ஒரு காப்பீட்டு வரியை வைத்துக்கொண்டு ஏழு வாரம் இழுத்தார்கள். கோடைப் பருவம் போய்விட்டது, இலையுதிர்காலத்தில்தான் உள்ளே நுழைந்தேன். வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்ததில் என் மருத்துவக் காப்பீடு போய், கணவரின் காப்பீட்டில் ஒட்டிக்கொண்டேன்.

என் பிரிசெப்டர் அறுபது வயதைத் தொட்ட ஒரு மனநல நர்ஸ் பிராக்டிஷனர். முதல் நாள், முதல் புது நோயாளி. ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். குடும்ப கிளினிக்கில் எனக்குப் பதினைந்து நிமிடம்தான் பழக்கம். கேள்விகளை அடுக்கினேன்: தூக்கம்? பசி? குடிப்பழக்கம்? தற்கொலை எண்ணம்? நோயாளி ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார், நான் தட்டிக்கொண்டே வந்தேன். பிரிசெப்டர் எழுந்து வந்து என் முன்னாலிருந்த கீபோர்டை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானும் சும்மா இருந்தேன். அரை நிமிடம் இருக்கும். அந்த நோயாளி, "தம்பி போன பிறகுதான் இப்படி" என்றார். தம்பியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

மருந்தியல் வீண் போகவில்லை என்றேனே. லமோட்ரிஜின் என்றொரு மருந்து, இருமுனைக் கோளாறுக்கு (பைபோலார்) தருவது. 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் ஆபத்தான தோல் தடிப்பு வரலாம். கூடவே வால்ப்ரோயேட் என்ற மருந்து இருந்தால் பாதி அளவுதான். இது பாடத்தில் எல்லோரும் படிப்பது. என்னை உலுக்கியது வேறு. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, ரத்தத்தில் லமோட்ரிஜின் அளவைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரையை ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பது யார்? நான். மனநல மருந்து இருக்கிறதா என்று பட்டியலைப் பார்ப்பேன். அந்த அளவைக் கண்காணிக்கச் சொல்லி மனநல கிளினிக்குக்கு ஒரு வரி எழுதியதாக நினைவில்லை.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் இன்னொரு மருந்தான லித்தியமும் அப்படித்தான். கை நடுக்கத்தோடு ஒருவர் வந்தார். ரத்தத்தில் லித்தியம் அளவு 1.2-க்குள் இருக்க வேண்டும், அவருக்கு மேலே போயிருந்தது. மாத்திரையின் அளவை யாரும் மாற்றவில்லை. ஒரு மாதம் முன்பு ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்த்திருந்தார்கள். சிறுநீர் போக வைக்கும் அந்த மாத்திரை லித்தியத்தை உடம்புக்குள் தேக்கிவிடும். "யார் எழுதியது?" என்று பிரிசெப்டர் கேட்டார். "என்னைப் போன்ற ஒருவர்" என்றேன். பழைய படிப்பு உதவிய இடங்களும் உண்டு. லித்தியம் எடுப்பவர்களின் சிறுநீரகம், தைராய்டு சோதனைகளைப் படிப்பதில் என் கை அங்கே ஓங்கியிருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

மனநலச் சான்றிதழ் எல்லா வயதுக்குமானது என்பதால் குழந்தைகளையும் பார்த்தாக வேண்டும். என் பிரிசெப்டர் சிறுவர்களைப் பார்ப்பதில்லை. அவரே ஒரு தோழிக்குப் போன் போட்டு அந்த மணி நேரங்களை ஏற்பாடு செய்தார். இரண்டு வகை உளவியல் சிகிச்சையிலும் பயிற்சி வேண்டும் என்பது விதி. எனக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், ஊக்கமூட்டும் உரையாடலும். நடுவில் 2022 டிசம்பர் கடைசியில், ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்குத் தரும் பியூப்ரெநார்ஃபின் மருந்தை எழுதத் தேவையாயிருந்த எக்ஸ்-வேவர் என்ற தனி அனுமதியை அரசு நீக்கியது. படித்த பாடம் படிக்கும்போதே பழசானது.

2023 அக்டோபரில் தேர்வு. அமெரிக்க நர்சுகள் சங்கமான ஏஎன்ஏ-யில் உறுப்பினர் என்பதால் கட்டணம் 295 டாலர், இல்லையென்றால் 395. மூன்றரை மணி நேரம், 175 கேள்விகள். அதில் 25 சோதனைக் கேள்விகள், மதிப்பெண் கிடையாது, எவை என்று சொல்லமாட்டார்கள். புரியாத ஒவ்வொரு கேள்வியையும் அந்த 25-இல் சேர்த்துக்கொண்டே போனேன். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். தேர்ச்சி என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். காரில் உட்கார்ந்து காலையில் கட்டி வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

தேர்ச்சி பெற்ற மறுநாளே நோயாளி பார்க்க முடியாது. டெக்சஸ் நர்சிங் போர்டில் இரண்டாவது பிரிவுக்குத் தனி விண்ணப்பம். மருந்து எழுத மருத்துவர் ஒருவரோடு ஒப்பந்தம் வேண்டும், இந்த மாநிலத்தில் நாங்கள் தனியாக எழுத முடியாது. கவனக்குறைவுக் கோளாறுக்கான ஊக்க மருந்துகள், கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான அரசுப் பட்டியலின் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், வெளிநோயாளி கிளினிக்கில் ஒப்பந்தம் இருந்தும் என்னால் எழுத முடியாது. நோயை நான் கண்டுபிடித்துச் சொல்வேன், மருந்துச் சீட்டு டாக்டரிடம். பெற்றோரிடம் இதை விளக்குவதற்கே ஐந்து நிமிடம் போகிறது.

இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் இதில் நேரடியாகச் சேரலாமா என்று கேட்கிறார்கள். முதலில் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு எழுதி இங்கே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் வாங்க வேண்டும், பட்டத்தை மதிப்பீடு செய்ய வேண்டும். அப்புறமும் பலர் சிக்குவது அந்த '3 பி'-யில்தான். நம் எம்.எஸ்சி.யில் அவை தனித்தனிப் பாடங்களாக இல்லாவிட்டால் முதலிலிருந்து படிக்கச் சொல்வார்கள். சில சமயம் முழு எம்.எஸ்.என். சேர்வதே சுருக்கமான வழி. எதற்கும் கல்லூரியிலிருந்து கிளம்பும்போது எல்லா சிலபஸையும் பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாரம் இரண்டு நாள் மனநல நோயாளிகளைப் பார்க்கிறேன். என்னிடமே தேதி கிடைக்க ஆறு வாரம் ஆகிறது. போன மாதம் ஒரு மாணவி பிரிசெப்டர் கேட்டு அழைத்தாள். எத்தனையாவது போன் என்று கேட்டேன், இருபத்தெட்டு என்றாள். வரச் சொல்லிவிட்டேன். ஒப்பந்தத் தாள் அவள் கல்லூரி வக்கீலிடம் ஐந்து வாரமாக இருக்கிறது.