திருப்பி அனுப்புவதற்காக வளர்ப்பது

எங்கள் வீட்டில் ஒரு சிறுமி தங்கி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், விஷயம் தெரிந்த உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "எப்போது முறைப்படி தத்து எடுக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். தத்து எடுக்கப் போவதில்லை, அவளுடைய தாய் உடல் தேறியதும் அவள் தன் வீட்டுக்கே போய்விடுவாள் என்று நானும் என் கணவரும் சொன்னபோது, ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்ப்பது பற்றிய பழமொழியைச் சொல்லி வாழ்த்தியவர்கள் சிலர். கடைசியில் ஏமாந்து போவீர்கள் என்று எச்சரித்தவர்கள் பலர். வளர்ப்புப் பராமரிப்பைத் தத்தெடுப்பின் முதற்படியாக நினைப்பதால் வரும் எச்சரிக்கை இது. பெற்றோரால் சில காலம் கவனிக்க முடியாமற்போன குழந்தை காப்பகத்துக்குப் போகாமல் ஒரு வீட்டில் வளரட்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான் அது.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, மாவட்டத்திலுள்ள குழந்தைகள் நலக் குழுதான் ஒரு குழந்தையை வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கும் ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். உடன்பிறந்தவர்களை இயன்றவரை பிரிக்காமல் வைக்க வேண்டும். மாதந்தோறும் அந்த வீட்டை ஆய்வு செய்ய வேண்டும். பெற்றோரால் கவனிக்க இயலவில்லை என்ற காரணத்துக்காகக் குழந்தை வேறு வீட்டில் இருக்குமானால், குழந்தையின் நலனுக்குக் கேடு இல்லாத வரையில் பெற்றோர் அங்கே வந்து பார்க்கலாம் என்றும், அவர்கள் மீண்டும் தகுதி பெற்றுவிட்டதாகக் குழு முடிவு செய்தால் குழந்தை அவர்களிடம் திரும்பலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, வருகையும் திரும்புதலும் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. வளர்க்கிறவர்களின் பெருந்தன்மையைப் பொறுத்தவை அல்ல. (குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 74ஆம் பிரிவு தடை செய்வதால், இப்பதிவில் பெயரோ ஊரோ இராது, சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.)

காப்பகங்களில் இருக்கும் குழந்தைகள் எல்லாரும் தாய் தந்தை இல்லாதவர்கள் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்பதால், விடுமுறை விட்டதும் தாயோ பாட்டியோ வந்து அழைத்துச் செல்லும் காப்பகப் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், நெடுநாள் நோயாளி, செங்கல் சூளைக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச்செல்ல இடமில்லாதவர் என்று அந்தத் தாய்மார்களின் கதைகள் வேறுபட்டாலும், மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் என்ற ஒரே கணக்கில்தான் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். மாற்றுப் பராமரிப்புக்காக 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள், வறுமை மட்டுமே காரணமாக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன; அப்படி ஒரு நிலை வந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகவே அதைக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன.

அந்த உதவி நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் மிஷன் வத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டுதலின்படி, வளர்ப்புக் குடும்பத்துக்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். சொந்தக் குடும்பத்திலேயே வளரும் குழந்தைக்கு நிதி ஆதரவு என்ற பெயரில் அதே 4,000 ரூபாய் கிடைக்கும். பின்னதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். கைம்பெண்கள், கைவிடப்பட்டவர்கள், கடும் நோயால் வாடும் பெற்றோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். என் கருத்து இதுதான்: பிள்ளையை என்னைப் போன்ற ஒருத்தியின் வீட்டில் சேர்த்து எனக்கு 4,000 ரூபாய் கொடுப்பதற்கு முன், அந்தத் தொகையைத் தாயிடம் கொடுத்திருந்தால் பிரிவே தேவைப்பட்டிருக்குமா என்ற கேள்வியை ஒவ்வொரு கோப்பிலும் யாராவது கேட்டு, பதிலை எழுதி வைக்க வேண்டும்.

எங்களிடம் வந்த சிறுமியின் வழக்கில் பணம் மட்டும் போதுமானதாக இருந்திராது. தந்தை இறந்தபின் தாய் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகி, சமைக்காமலும் குளிக்காமலும் நாள்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டார் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். தாயை அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது, வீட்டில் இடமில்லை என்று தாய்மாமன் கைவிரித்துவிட்டார். வளர்ப்புக் குடும்பங்களின் பட்டியலில் எங்கள் பெயர் இருந்ததால் எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த அந்தப் பிள்ளை, முதல் சில வாரங்கள் இட்லியையும் பிஸ்கட்டையும் பள்ளிப் பையின் முன்பக்கப் பையில் ஒளித்து வைத்தாள். எறும்பு மொய்த்து அது தெரியவந்தபோது நாங்கள் எதுவும் சொல்லவில்லை, மூடியுள்ள ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்து அதில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னதும் வேண்டுமென்றுதான்: அம்மா என்னும் இடம் காலியாக இல்லை என்பது அவளுக்கும், வந்து பார்க்கும் அவள் தாய்க்கும் ஐயமின்றித் தெரிய வேண்டும் என்று எண்ணினேன்.

தாய் மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபின் குழு அனுமதித்தபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். மகளிருக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து இருந்திராவிட்டால் அத்தனை முறை வந்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம். முதல் வருகைகள் சுமுகமாக இருக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "டீச்சரம்மா, நான் சீக்கிரம் கிளம்பிடறேன்" என்பார். மகளோ அவர் வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாமல், வீட்டுப்பாடம் இருக்கிறது என்று உள்ளே போய்விடுவாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினால் இப்படித்தான் இருக்கும் என்று புரிந்ததும், வேலை ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு நாங்கள் விலகிக்கொள்வது என்று வழக்கப்படுத்தினோம். தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்ப்பது அதில் மிக நன்றாகப் பலித்தது. நேருக்கு நேர் முகம் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பிள்ளை தன் தாயிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள்: ஏன் எழுந்திருக்கவே இல்லை, இப்போது மாத்திரை தினமும் போடுகிறாயா, மறுபடி அப்படி ஆகுமா. மாத்திரை அட்டையை மடியிலிருந்து எடுத்து மகளிடம் காட்டி எண்ணச் சொன்னார் அவர். அந்த அட்டை அதன்பின் ஒவ்வொரு வாரமும் வந்தது.

தாய் வந்து போன இரவுகளில் அவள் படுக்கையை நனைத்தாள், அற்ப காரணத்துக்குச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். வளர்ப்புக் குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. பெற்ற தாய் வந்தால்தானே பிள்ளை கெட்டுப்போகிறாள், வருகையை நிறுத்திவிடலாமே என்று நல்ல மனம் படைத்தவர்களே கேட்கத் தொடங்குவார்கள். பிரிவின் வலி வெளியே வருவது சந்திப்பின் தீங்கு ஆகாது என்பதை அந்த இரவிலேயே, தொலைபேசியிலாவது, சொல்லக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருந்த சமூகப் பணியாளர் ஒருவர், தன் வேலை நேரம் முடிந்த பின்னும் எடுத்துப் பேசுவார். அவர் நல்லவராக வாய்த்ததால் எங்களுக்கு உதவி கிடைத்தது என்பதே இந்த ஏற்பாட்டின் பலவீனம். தொகை சில மாதங்களுக்குச் சேர்த்து வந்தது, வங்கியில் பாதுகாவலர் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது, சிறு அறுவைக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று மருத்துவமனையில் காத்திருந்தது போன்றவற்றை நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. ஆணையின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திரும்பச் சேர்ப்பதை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெருந்தொற்றுக் காலம் பெரிய அளவில் காட்டியது. ஊரடங்கின்போது நாடெங்கும் காப்பகங்களில் இருந்த ஏறத்தாழ 2.27 லட்சம் குழந்தைகளில் 1.45 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களிடம், காப்பகக் குழந்தைகளை 100 நாள்களுக்குள் குடும்பங்களிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டது. குடும்பமே சிறந்த இடம் என்ற அடிப்படையில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலும் என்ன நிலை என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே கெடு வைப்பது எப்படிச் சரியாகும்? வேலையிழந்து நின்ற குடும்பங்களுக்குப் பிள்ளைகள் திரும்பிய அந்த நேரத்தில், அவ்வாறு அனுப்பப்பட்ட குழந்தைகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் வழங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

எங்கள் சிறுமியைத் திருப்பி அனுப்பும் பேச்சு எழுந்தபோது, தாயின் மனநிலையைக் காட்டிலும் பெரிய தடையாக நின்றது வாடகை வீடு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு விடுதிச் சமையற்கட்டில் வேலையும் கிடைத்திருந்தது. ஆனால் துணையில்லாத பெண்ணுக்கு அறை கொடுக்க வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். கொடுக்க முன்வந்தவர் கேட்ட அட்வான்ஸ், தாயின் கையில் இல்லை. குழந்தை வந்து சேர்ந்தால்தான் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்க முடியும், வீடு இருந்தால்தான் குழந்தை வந்து சேர முடியும், பணம் இருந்தால்தான் வீடு கிடைக்கும் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. என் கணவர் அட்வான்ஸைக் கடனாகக் கொடுத்து, வீட்டுக்காரரிடம் நேரில் போய் வாக்கும் கொடுத்தார். எல்லா வளர்ப்புக் குடும்பத்தாலும் இது முடியாது, முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. திரும்பும் குடும்பத்துக்கு ஒரே ஒரு முறை முன்பணம் கொடுக்கும் சிறிய நிதி மாவட்டத்தில் இருந்தால் பல பிள்ளைகள் சில மாதங்கள் முன்னதாகவே வீடு போய்ச் சேர்வார்கள்.

முதலில் சனி, ஞாயிறு மட்டும் தாயிடம் தங்கினாள். பிறகு அரையாண்டு விடுமுறை முழுவதும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பின்னரே நிரந்தரமாகப் போனாள், ஆதலால் படிப்பு நடுவில் அறுந்துபோகவில்லை. ஆணை கைக்கு வந்ததோடு எங்கள் பங்கு சட்டப்படி முடிந்துவிட்டது. நிதி ஆதரவுக்கான வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, மாவட்ட ஒப்புதல் குழுவின் கூட்டம் ஆகியவை முடிந்து முதல் தொகை வரும் வரையில் அந்த வீட்டில் வருமானம் ஒன்று, வயிறு இரண்டு. உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்ட அந்த இடைவெளியில்தான் அலுவலகத்தின் கண்ணில் இவர்கள் முடிந்துபோன வழக்கு ஆனார்கள். அந்த இடைவெளியில் தாய்க்கு ஒருமுறை உறக்கம் கெட்டு, மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருந்தபோது, பிள்ளை இரண்டு இரவு எங்கள் வீட்டில் தங்கினாள். இதற்கு எந்த ஆணையும் இல்லை. அவள் தாய் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், அவ்வளவுதான். திரும்பிய பின் ஆறு மாதமாவது வளர்ப்புக் குடும்பத்தை உறவாகத் தொடரவிடும் ஏற்பாடும், அதுவரையிலான வளர்ப்புத் தொகையை இடைவெளியின்றித் தாயின் கணக்குக்கு மாற்றும் முறையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

வளர்ப்புப் பராமரிப்புக்காக ஒன்றிய அரசு 2024இல் திருத்திய வழிகாட்டு நெறிகள், திருமணமாகாதவர்களும் கணவன் அல்லது மனைவியை இழந்தவர்களும் வளர்க்க முன்வரலாம் என்றன. அது நல்ல மாற்றம். வளர்ப்புக் குடும்பமே தத்து எடுப்பதற்கான காத்திருப்பை ஐந்தாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்ததில் எனக்குத் தயக்கம் உண்டு. யாருமே வந்து பார்க்காத, திரும்ப வீடில்லாத பிள்ளைக்கு அது வரம். ஆனால் தாய் மெல்லத் தேறிவரும் வழக்கில், இரண்டு ஆண்டு என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு குடும்பத்திடம், அந்தத் தாய்க்கு நாற்காலி போடு, மாத்திரை எண்ணக் கற்றுக்கொடு என்று எப்படிக் கேட்பது? பிள்ளை வேண்டும் என்ற ஏக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. அதற்குத் தத்தெடுப்பு ஆணையத்தின் வரிசை தனியாக இருக்கிறது.

வளர்க்க விரும்புகிறவர்கள் தங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகலாம். வீட்டை ஆய்வு செய்ய வரும் பணியாளர் வருமானம், உடல்நலம், காவல்துறைச் சான்று, வீட்டிலுள்ள மற்றவர்களின் விருப்பம் என எல்லாவற்றையும் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும், பிள்ளையின் பெற்றோர் உங்கள் வீட்டுக்கு வந்துபோவதில் மாமியாருக்கும் உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் சம்மதமா என்பதை விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கு ஒரு மாதம் பிடித்தது.