பலகையை மாற்றி மாட்டியது நான்தான்

கொல்லம் ஆண்டு 1085, ஆவணி 20. செங்கோட்டைப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் இருந்த தேதி இது. அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தர்களுக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் நண்பர் போனில் கூப்பிட்டார். “அண்ணாச்சி, உங்கள் பேக்கேஜ் இதை 1910 ஜனவரி என்று காட்டுகிறதே?”

1909 செப்டம்பர் என்று வந்திருக்க வேண்டும். மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு நம் பக்கம் ஆவணியில் பிறக்கும். அதிலிருந்து டிசம்பர் முடிய 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்தால் 825. (வட மலபாரில் புரட்டாசியில்தான் ஆண்டு பிறக்கும். அந்தத் தலைவலி வேறு.) அதுவரை மலையாளப் பக்கம் இருந்த செங்கோட்டை 1956 நவம்பரில்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது என்பதால் அங்குள்ள பழைய தாள்களில் எல்லாம் கொல்லம் கணக்குதான். இந்தக் கணக்கைப் போடும் சிறிய பேக்கேஜ் (மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல்) ஒன்றைப் பாளையங்கோட்டை வீட்டிலிருந்து எழுதி, என்பிஎம் என்ற பொது நிரல் கிடங்கில் ஏற்றி வைத்திருக்கிறேன். உபயோகிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் நிலத்தோடு சம்பந்தப்பட்டவர்கள்.

1.4.2 பதிப்பு வரை மாதங்களைச் சித்திரையிலிருந்து எண்ணினேன், ஆவணி ஐந்தாவது. புதிய பதிப்பில் ஆவணியையே முதல் மாதமாக்கினேன். ஐந்து என்று கொடுத்தால் இப்போது மார்கழி. பழைய நிரல்களை உடைக்கும் மாற்றம் இது, ஆகவே முதல் எண்ணையே ஏற்றி 2.0.0-பீட்டா.1 என்று பெயரிட்டேன்; பீட்டா என்றால் வெள்ளோட்டப் பதிப்பு. அதுவரை எல்லாம் முறைப்படிதான். ஏற்றும்போது டேக், அதாவது அந்தப் பதிப்பின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு, கொடுக்க மறந்துவிட்டேன்.

டேக் கொடுக்காவிட்டால் என்பிஎம் தானாக ‘லேட்டஸ்ட்’ என்று ஒட்டிவிடும்; எண் சொல்லாமல் நிறுவுபவருக்கு அதுதான் போகும். பெயரிலேயே பீட்டா என்று இருந்தாலும் அன்றைக்கு அது தடுக்கவில்லை. (என்பிஎம்மின் 11ஆம் பதிப்பிலிருந்துதான், டேக் சொல்லாமல் முன்னோட்டப் பதிப்பை ஏற்ற மறுக்கிறது.) புதிய பஸ் நிலையத்தில் பாபநாசம் பஸ்ஸுக்கு நிற்பவர் வண்டியின் பதிவு எண்ணையா பார்க்கிறார்? முன்னால் மாட்டியிருக்கும் ஊர்ப் பலகையைப் பார்த்து ஏறுகிறார். பதிப்பு எண் வண்டி எண் மாதிரி, மாறாது. டேக் அந்தப் பலகை. எந்த வண்டியிலும் மாட்டலாம். பட்டறையிலிருந்து வெள்ளோட்டத்துக்கு எடுத்த வண்டியில் நான் பாபநாசம் பலகையை மாட்டிவிட்டேன்.

ஏற்கெனவே 1.4.2 என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணுக்கு முன்னால் கூரைக்குறி (^, முதல் எண் மாறாதவரை புதியதை எடுத்துக்கொள் என்பது) போட்டிருந்தாலும் அது 2க்குத் தாவாது. எண் சொல்லாமல் புதுக் கணினியில் நிறுவியவர்தான் மாட்டிக்கொண்டார்.

பீட்டாவையே அழித்துவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. 72 மணி நேரத்துக்குள் அழிக்க முடியும்தான், ஆனால் அந்த எண்ணை மறுபடி உபயோகிக்க முடியாது. அதைவிட, ஏற்றியதை இல்லை என்று மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டேக்கை நகர்த்தும் டிஸ்ட்-டேக் கட்டளை, டேக்குக்கு ஒரு வரிதான்: ‘லேட்டஸ்ட்’ 1.4.2க்குத் திரும்பியது, பீட்டாவுக்கு ‘நெக்ஸ்ட்’. ஒரு நிமிட வேலை.

நண்பருக்கு அது போதவில்லை. பலகையை இறக்கியதால், ஏறி உட்கார்ந்தவர் இறங்கிவிடுவாரா? அவருடைய கோப்பில் பீட்டா எண் பதிந்து, நிறுவிய பதிப்பு எண்களைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பிலும் உறைந்திருந்தது. 1.4.2 என்று எண் சொல்லி மறுபடி நிறுவச் சொன்னேன். அன்றைக்குக் காலையில் எடுத்த தேதிகள் அனைத்தையும் உட்கார்ந்து சரிபார்த்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இப்போது பேக்கேஜ் கோப்பிலேயே எதை ஏற்றினாலும் ‘நெக்ஸ்ட்’ டேக்குக்குப் போகும்படி எழுதி வைத்துவிட்டேன். ‘லேட்டஸ்ட்’டைக் கையால்தான் நகர்த்துவேன். மறந்தாலும் புதியது தாமதமாகும், அவ்வளவுதான்.

போன மாதம் 2.0.0 முடிந்தது. பத்து நாள் ‘நெக்ஸ்ட்’டிலேயே கிடந்தது. நண்பர் தம் நிரலில் ஐந்தை ஒன்றாக மாற்றி, அதே செங்கோட்டைப் பத்திரத்தை மறுபடி போட்டுப் பார்த்தார். “1909 செப்டம்பர், அண்ணாச்சி” என்றார். அன்று சாயங்காலம் பலகையை மாட்டினேன்.